சுவோமியா, ஃபின்னா? பின்லாந்து மக்களின் பெயர் எங்கிருந்து வந்தது?

தபால்தலைப்பிரியன்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூட நாளிலிருந்து தபால்தலை சேர்ப்பவன் நான். இந்த வாரம் பின்லாந்துக்கான பக்கங்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். கட்டிடக் கலைஞர் எலியேல் சாரினென் வரைந்த 1917ஆம் வருடத் தபால்தலை ஒன்று என்னிடம் இருக்கிறது. நடுவில் நாட்டுச் சின்னமான சிங்கம். அதில் 'சுவோமி' என்றும் இருக்கிறது, 'ஃபின்லாந்து' என்றும் இருக்கிறது. இன்றைக்கு வரும் தபால்தலைகளிலும் இரண்டு பெயரும் சேர்ந்தேதான் வருகின்றன.

சுவோமி அவர்களே தங்கள் மொழியில் வைத்துக்கொண்ட பெயர் என்று தெரியும். அப்படியானால் 'ஃபின்' என்று கூப்பிட்டது யார்? இரண்டுக்கும் என்ன பொருள்? வரும் மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் கண்காட்சி வைக்கிறோம், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விளக்க அட்டை உண்டு. பிள்ளைகள் படிக்கப் போகிற அட்டை என்பதால் தப்பாக எதையும் எழுதிவிடக் கூடாது.

கரிசல்காட்டான்

இது ரொம்ப எளிது நண்பரே. பின்னிஷ் மொழியில் 'சுவோ' என்றால் சதுப்பு நிலம், 'மா' என்றால் நிலம், நாடு. சுவோ + மா = சுவோமி. பின்லாந்தில் எங்கே பார்த்தாலும் ஏரியும் சேறும்தானே. ஆங்கிலத்தில் 'ஃபென்' என்றாலும் சதுப்பு நிலம்தான், அதிலிருந்து ஃபின். ஆக இரண்டு பெயருக்கும் 'சேற்று நிலத்துக்காரர்கள்' என்பதே பொருள். அட்டையில் தைரியமாக எழுதுங்கள்.

எஸ்போவாசி

நான் எஸ்போவில் இருக்கிறேன், ஹெல்சின்கியை ஒட்டிய ஊர். கரிசல்காட்டான் சொன்ன விளக்கத்தை இங்கே ஆபீஸிலும் கேட்டிருக்கிறேன். பின்லாந்துக்காரர்களே அப்படிச் சொல்வார்கள். 'சுவோமு' என்றால் மீன் செதில், அதிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. மீன் தோலில் உடை தைத்துப் போட்ட ஜனங்கள் என்று அதற்கு ஒரு கதையும் வைத்திருப்பார்கள்.

தபால்தலையில் இரண்டு பெயர் இருப்பதற்குக் காரணம் சொல்கிறேன். இந்த நாட்டுக்கு ஆட்சிமொழி இரண்டு, பின்னிஷும் சுவீடிஷும். சுவீடிஷ் தாய்மொழிக்காரர்கள் ஏறக்குறைய 5 விழுக்காடு. எங்கள் தெருப் பலகையிலேயே மேலே பின்னிஷ் பெயர், கீழே சுவீடிஷ் பெயர். ஊர்ப் பெயரும் அப்படித்தான்: எஸ்போ, எஸ்பூ. சுவீடிஷ்காரர்கள் அதிகம் இருக்கும் கடலோர ஊர்களுக்குப் போனால் வரிசை தலைகீழாக இருக்கும். சுவோமி பின்னிஷ் பெயர், ஃபின்லாந்து சுவீடிஷ் பெயர். உலகம் சுவீடிஷ் பெயரை எடுத்துக்கொண்டது. சுவோமி என்பதை ஒட்டிய பெயரைச் சொல்கிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும்தான். எஸ்தோனியாவில் 'சோமே', லாத்வியாவில் 'சோமியா', லித்துவேனியாவில் 'சுவோமியா', வடக்கே வாழும் சாமி என்னும் பூர்வகுடி மக்களின் மொழியில் 'சுவோப்மா'.

வேர்தேடி

தபால்தலைப்பிரியன் ஐயா, சதுப்பு நிலக் கதையைத் தயவுசெய்து அட்டையில் ஏற்றாதீர்கள். எங்கே பார்த்தாலும் அதுதான் எழுதியிருக்கிறது, எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை விளக்கும்போது காதுக்கு ஒத்துப் போனால் போதும் என்று விட்டுவிடக் கூடாது.

முதலில் சொல்லின் வடிவத்தைப் பார்ப்போம். 'மா' என்ற சொல் பின்னிஷ் ஊர்ப் பெயர்களில் ஏராளம். எஸ்போ இருக்கும் மாகாணமே ஊசிமா, 'புது நிலம்'. தம்பெரே நகரம் இருப்பது பிர்கன்மா. எதிலும் 'மா' தேய்ந்து 'மி' ஆகவில்லை. உருபு ஏறும்போது இன்னும் தெளிவாகும். ஊசிமா 'ஊசிமான்' ஆகும், சுவோமி 'சுவோமென்' ஆகும். அதாவது சுவோமியின் அடிச்சொல் 'சுவோமெ'. அதற்குள் 'மா' கிடையாது.

இன்னொரு சான்று எஸ்தோனியாவில் இருக்கிறது. அங்கே 1993இல் தொடங்கிய தேசியப் பூங்கா ஒன்றின் பெயர் 'சோமா'. 'சோ' சதுப்பு, 'மா' நிலம். உண்மையாகவே சதுப்பு நிலம் என்று பெயர் வைத்தால் அப்படித்தான் வரும். அதே எஸ்தோனியர்கள் பின்லாந்தை 'சோமே' என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு சொல் என்பது அந்த மொழிக்காரர்களின் வாயிலேயே இருக்கிறது.

இடத்தையும் பாருங்கள். பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இயற்கையில் சதுப்பு என்பது சரி. ஆனால் அதில் பெரும்பகுதி நடுவிலும் வடக்கிலும்தான். சுவோமி என்ற பெயர் ஆதியில் முழு நாட்டுக்கும் உரியதல்ல, தென்மேற்கு மூலைக்கு மட்டும் உரியது. துர்க்கு நகரைச் சுற்றிய அந்தப் பகுதிக்கு இன்றும் 'வர்சினைஸ் சுவோமி' என்று பெயர், 'அசல் சுவோமி' என்று சொல்லலாம். அது களிமண் வயல்கள் நிறைந்த, பழங்காலத்திலேயே உழவு நடந்த மண்.

கரிசல்காட்டான்

ஊசிமா எடுத்துக்காட்டை ஏற்கிறேன். ஆனால் 'ஃபின்' விஷயத்தில் என்ன சொல்கிறீர்கள்? அதுவும் சதுப்பு இல்லையா?

வேர்தேடி

ஃபின் ஜெர்மானிய மொழி பேசியவர்கள் கொடுத்த பெயர், அதில் ஐயமில்லை. பொருள் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 'கண்டுபிடி, தேடு' என்ற பொருளுள்ள ஜெர்மானிய வினையோடு சேர்த்து, வேட்டையாடி உணவு தேடித் திரிந்தவர்கள் என்பார்கள் சிலர். நீங்கள் சொன்ன சதுப்பும் ஒரு கருத்துத்தான், ஆனால் நிலைநாட்டப்பட்டது அல்ல. பொருளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்தப் பெயரால் முதலில் அழைக்கப்பட்டவர்கள் இன்றைய பின்லாந்துக்காரர்களின் முன்னோர்தானா என்பதே கேள்வி.

கி.பி. 98இல் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஜெர்மானியர்களைப் பற்றி எழுதிய நூலின் கடைசி அத்தியாயத்தில் 'ஃபென்னி' என்ற மக்கள் வருகிறார்கள். அவர் அங்கே போய்ப் பார்த்தவர் அல்ல, கேள்விப்பட்டதை எழுதினார். அவர்களிடம் ஆயுதம் இல்லை, குதிரை இல்லை, வீடு இல்லை. செடிகொடி உணவு, தோல் உடை, தரையே படுக்கை. இரும்பு கிடைக்காததால் அம்பு முனையில் எலும்பைப் பொருத்துகிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தே வேட்டைக்குப் போகிறார்கள். மழைக்கும் மிருகத்துக்கும் ஒதுங்க, கிளைகளைப் பின்னிய ஒரு மறைப்பில் குழந்தைகளை வைக்கிறார்கள். இத்தனை ஏழ்மையைச் சொல்லிவிட்டு, வயலில் முனகி உழைப்பதைவிட இதுவே மேல் என்று அவர்கள் நினைப்பதாகவும், வேண்டிக்கொள்ளவே எதுவும் தேவைப்படாத நிலையை அடைந்துவிட்டதாகவும் எழுதுகிறார். பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை சாமி மக்களின் முன்னோரையோ, வடக்கின் வேறு வேட்டைக் கூட்டத்தையோ பற்றியதாகத்தான் படிக்கிறார்கள். துர்க்கு வயல்காரர்களைப் பற்றியதாக இல்லை.

அடுத்து, கி.பி. 150 வாக்கில் புவியியலாளர் தாலமி 'ஃபின்னோய்' என்கிறார். கி.பி. 551இல் வரலாற்றாசிரியர் யோர்தானெஸ் வடக்கு மக்களை வரிசைப்படுத்தும்போது ஃபின்களை எல்லாரிலும் சாந்தமானவர்கள் என்கிறார். அதே நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் 'ஸ்க்ரித்திஃபினோய்' என்று ஒரு கூட்டத்தைச் சொல்கிறார். அதன் முன்பாதி வடஜெர்மானிய மொழியின் 'ஸ்க்ரீதா', அதாவது சறுக்கிச் செல்வது. பனிச்சறுக்குக் கட்டையில் போகும் ஃபின்கள்! அந்தக் குழந்தைகள் தாய்ப்பால் குடிப்பதில்லை, மரத்தில் தொங்கவிட்ட தோல் தொட்டிலில் எலும்பு மச்சையைச் சப்பிக்கொண்டிருக்கும் என்றும் எழுதுகிறார். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் பனிச்சறுக்கும் வேட்டையுமாக வாழ்ந்த வடக்கு மக்கள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

வடகடலான்

நான் நோர்வேயில இருக்கிறன். வேர்தேடி அண்ணை சொல்லுறது இஞ்ச இருக்கிறவைக்கு நல்லா விளங்கும். எங்கட சித்தப்பா எண்பதுகளில வந்து, மேல வடக்கில ஃபின்மார்க்கில ஒரு மீன் பக்டரியில வேலை செய்தவர். அந்தக் காலத்தில எங்கட ஆக்கள் கனபேர் அந்தக் கரையோர ஊருகளிலதான் மீன் வெட்டினவை.

ஃபின்மார்க் எண்டால் 'ஃபின்களின்ர எல்லைநாடு'. முதல்ல ஆக்கள் யோசிக்கிறது, பின்லாந்துக்குப் பக்கத்தில இருக்கிறதால அந்தப் பேர் எண்டு. அப்பிடி இல்லை. பழைய நோர்வீஜிய மொழியில 'ஃபின்' எண்டால் சாமி ஆக்கள். அவையின்ர நாடு எண்டுதான் ஃபின்மார்க். சித்தப்பாவோட வேலை செய்த வயசான நோர்வேக்காரர் சாமி ஆக்களை 'ஃபின்' எண்டுதான் சொல்லுவினமாம். இப்ப அப்பிடிச் சொல்லுறது மரியாதை இல்லை, 'சாமே' எண்டுதான் சொல்லவேணும். 'லாப்' எண்ட பேரும் அப்பிடித்தான், சாமி ஆக்கள் அதை விரும்புறதில்லை.

அப்ப பின்லாந்தில இருந்து வந்து குடியேறின ஆக்களுக்கு என்ன பேர்? அவையை நோர்வேயில 'குவென்' எண்டு சொல்லுவினம். 1998இல அவையை தேசிய சிறுபான்மை எண்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்டது, 2005இல அவையின்ர பேச்சைத் தனிமொழி எண்டும் ஏற்றுக்கொண்டது. வாட்சோவில அவையின்ர குடியேற்றத்துக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. 1977இல நோர்வே அரசரும் சுவீடன் அரசரும் பின்லாந்து ஜனாதிபதி கெக்கோனெனும் மூண்டு பேருமாக வந்து திறந்தவை.

திண்ணைவாசகி

அப்படியானால் நார்வேயில் ஃபின் என்றால் சாமி, சுவீடனில் ஃபின் என்றால் பின்லாந்துக்காரர். ஒரே சொல் இரண்டு பக்கமும் இரண்டு மக்களைக் குறித்தது எப்படி?

வேர்தேடி

அருமையான கேள்வி. யாருக்கு யார் அண்டை என்பதைப் பொறுத்தது. நார்வேக் கடற்கரைக்காரனுக்கு உள்ளே மலையில் இருந்த வேற்றுமொழிக்காரர்கள் சாமிகள். சுவீடனின் கிழக்குக் கரைக்காரனுக்குக் கடல் தாண்டி எதிரே இருந்த வேற்றுமொழிக்காரர்கள் துர்க்குப் பக்கத்து மக்கள். பெயர் ஒன்று, சுட்டிய திசை வேறு.

நார்வேப் பக்கத்துக்கு நேரடிச் சாட்சியே இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓட்டர் என்ற நார்வே வணிகர் இங்கிலாந்து அரசர் ஆல்ஃபிரட்டிடம் போய்த் தன் நாட்டைப் பற்றிச் சொன்னார். அது பழைய ஆங்கிலத்தில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. நார்வேக்காரர்கள் எல்லாரிலும் வடகோடியில் குடியிருப்பவன் தான் என்கிறார். அவரிடம் 600 துருவ மான்கள், அதில் ஆறு காட்டு மான்களை மயக்கிக் கொண்டுவரப் பழக்கியவை. ஃபின்கள் குளிர்காலத்தில் வேட்டையாடி, கோடையில் மீன் பிடித்து வாழ்கிறார்கள், அவர்கள் கட்டும் கப்பம்தான் தங்களுக்குப் பெரிய வருமானம் என்கிறார். உயர்ந்த நிலையில் உள்ளவர் கட்ட வேண்டியது: 15 மார்ட்டன் தோல், 5 துருவ மான் தோல், ஒரு கரடித் தோல், பத்து அளவு இறகு, கரடி அல்லது நீர்நாய்த் தோலில் ஓர் அங்கி, வால்ரஸ் தோலிலோ சீல் தோலிலோ முறுக்கிய இரண்டு கப்பல் கயிறு. அந்தப் பட்டியலை வாசிக்கிறபோது ஃபின் என்ற சொல்லுக்குப் பின்னால் கையில் கத்தியும் தோலுமாக ஒரு மனிதர் எழுந்து நிற்கிறார். அவர் சாமி.

ஓட்டர் 'குவேனர்' என்று ஒரு மக்களையும் தனியாகச் சொல்கிறார். வடகடலான் சொன்ன குவென் என்ற பெயர் அதுதான்.

திண்ணைவாசகி

குவென் என்றதும் ஞாபகம் வருகிறது. 1070களில் பிரேமனின் ஆதாம் என்ற பாதிரியார் எழுதிய வரலாற்றில், பால்டிக் கடலுக்கு வடக்கே 'பெண்களின் நாடு' இருப்பதாக வரும். குவென் என்பதை, பெண்ணைக் குறிக்கும் 'குவின்னா' போன்ற சொல்லாகக் காதில் வாங்கியதால் வந்த கதை என்று பலர் விளக்குகிறார்கள். ஒரு பெயரைத் தவறாகக் கேட்டதற்காக ஒரு நாட்டு ஆண்களையே வரைபடத்திலிருந்து அழித்திருக்கிறார்கள்!

தபால்தலைப்பிரியன்

நான் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு கிடைத்துவிட்டது, நன்றி. சுவோமிக்கு வருவோம். சதுப்பும் இல்லை, செதிலும் இல்லை என்றால் வேறு என்ன?

புதுப்புனல்

நான் ஒன்று சொல்லலாமா? சுவோமி என்பது சுவாமிதான். அதோடு வடக்கே 'சாமி' என்று ஒரு கூட்டமே இருக்கிறதே! பின்னிஷும் தமிழ் மாதிரியே ஒட்டுநிலை மொழி, சொல்லோடு உருபு சேர்ந்துகொண்டே போகும். கால்டுவெல் ஐயரே தமிழுக்கும் அதற்கும் உறவு உண்டு என்று எழுதியிருக்கிறார். இதை யாரும் பேசுவதில்லை.

வேர்தேடி

புதுப்புனல், கால்டுவெல் எழுதியது உண்மை. 1856இல் வந்த ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளை 'சிதியன்' என்று அவர் பெயரிட்ட ஒரு பெரிய கூட்டத்தோடு உறவுபடுத்தினார், பின்னிஷ், துருக்கி எல்லாம் அதில் அடக்கம். ஒட்டுநிலை என்ற ஒற்றுமை அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் ஒட்டுநிலை உலகில் பல மூலைகளில் தனித்தனியாகத் தோன்றிய அமைப்பு. பின்னிஷ் யூராலிக் குடும்பம், ஹங்கேரியனும் எஸ்தோனியனும் சாமி மொழிகளும் அதன் உறவு. தமிழ் திராவிடக் குடும்பம். இரண்டும் ஒரே வேர் என்று இதுவரை நிறுவப்படவில்லை.

சுவாமி வடமொழிச் சொல், நம்முடைய 'சாமி' அதன் தேய்வு. அந்த மக்களின் 'சாமி' அவர்கள் மொழியில் 'சாப்மி' என்ற வடிவோடு தொடர்புடையது. இரண்டு சொல் ஒன்றுபோல ஒலிப்பது சான்று ஆகாது. ஒலி மாற்றம் ஒழுங்காக, பல சொற்களில், ஒரே விதமாக நடந்திருக்க வேண்டும். அதைத்தான் அடுத்த பதிவில் எழுதப் போகிறேன், பாருங்கள்.

தமிழுக்கும் பின்லாந்துக்கும் உண்மையான உறவு வேண்டுமென்றால் அஸ்கோ பர்போலாவைச் சொல்லுங்கள். ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்துக்காரர், 1960களிலிருந்து சிந்துவெளி எழுத்துக்குத் திராவிட மொழி வழியாக வாசிப்புத் தேடியவர். 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் அவருக்குக் கலைஞர் மு. கருணாநிதி செம்மொழித் தமிழ் விருது கொடுத்தார்கள்.

வேர்தேடி

இனி சுவோமி. பொறுமையாகப் படியுங்கள், கொஞ்சம் வளைந்து போகிற வழி.

பின்லாந்தின் தெற்கு உள்நாட்டில் 'ஹாமே' என்று ஒரு பழைய பகுதி இருக்கிறது. சுவீடிஷில் தாவஸ்த்லாந்து. வடக்கே சாமி மக்கள். தென்மேற்கில் சுவோமி. ஹாமே, சாமி, சுவோமி என்ற இந்த மூன்று பெயர்களும் உறவா என்பதுதான் நூறாண்டுக்கு மேலாக ஆய்வாளர்களை இழுத்த கேள்வி.

ஹாமே, சாமி இரண்டுக்கும் வழி ஓரளவு தெளிவு. பால்டிக் மொழிகளில் நிலத்துக்கு லித்துவேனியனில் 'ஜெமே', லாத்வியனில் 'ஜெமெ' என்பார்கள். முதல் எழுத்தை நம் ஜகரத்துக்கும் ஷகரத்துக்கும் இடைப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் மிகப் பழங்காலத்தில் பின்னிஷின் தாய்மொழிக்குக் கடனாகப் போய் 'ஷாமா' போன்ற ஒரு வடிவம் எடுத்தது. பிறகு பின்னிஷில் அந்த ஷகரம் ஹகரமாக மாறியது. இது இந்த ஒரு சொல்லுக்காக யாரும் ஜோடித்த விதி அல்ல. லித்துவேனியனில் பட்டாணி 'ஜிர்னிஸ்', பின்னிஷில் 'ஹெர்னே'. வாத்து இனத்துப் பெரிய பறவை அங்கே 'ஜாசிஸ்', இங்கே 'ஹன்ஹி'. வைக்கோற்புல் 'ஷியெனஸ்', 'ஹெய்னா'. உறைபனி 'ஷல்னா', 'ஹல்லா'. வயலிலும் அடுப்படியிலும் புழங்குகிற சொற்கள் எல்லாம் ஒரே தடத்தில் நடந்து வந்திருக்கின்றன. அதே தடத்தில் ஷாமா ஹாமே ஆனது. சாமி மொழிகளில் வேறு ஒலி விதி, அங்கே சகரமாக நின்று சாமி ஆனது. ஆக, இரண்டு பெயருக்கும் அடியில் 'நிலம்' என்ற ஒரு சொல் இருக்கிறது.

சுவோமிக்கு மொழியியலாளர் யோர்மா கொய்வுலெஹ்தோ 1993இல் ஒரு வழி சொன்னார். அந்த ஷாமா பால்டிக் மக்களிடம் திரும்பக் கடனாகப் போய் 'சாம' ஆயிற்று, அங்கிருந்து ஜெர்மானியர்களிடம் போய் 'சோம' ஆயிற்று, ஜெர்மானியர்களிடமிருந்து மறுபடி கடல் தாண்டி பின்னிஷுக்கே வந்து சேர்ந்தது. பின்னிஷில் நெடில் ஓகாரம் 'உவோ' ஆகும். சுவீடிஷ் 'ஸ்டோல்', நாற்காலி, பின்னிஷில் 'துவோலி' ஆனதைப் பாருங்கள். எஸ்தோனியனில் ஓகாரம் அப்படியே நிற்கும், அதனால்தான் அவர்களுக்கு 'சோமே', இவர்களுக்கு 'சுவோமி'.

1998இல் பெத்ரி கல்லியோ என்ற இன்னொரு மொழியியலாளர் வேறு வழி சொன்னார். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் மனிதனைக் குறித்த ஒரு பழஞ்சொல், லத்தீனில் 'ஹோமோ' ஆனதே, அதன் உறவிலிருந்து சுவோமி வந்தது என்றார். அப்படிப் பார்த்தால் சுவோமி என்பது முதலில் 'மனிதன்'. தனி மனிதனுக்குப் பெயராகவும் 'சுவோமி' வந்திருக்கிறது. 811இல் ஃபிராங்க் பேரரசர் சார்லமேனுக்கும் டேனிஷ் அரசர் ஹெம்மிங்குக்கும் நடந்த சமாதானத்தில் உறுதிமொழி கொடுத்த டேனியப் பிரபுக்களின் பட்டியலில், ஃபிராங்க் அரசின் ஆண்டுக்குறிப்பில், சுவோமி என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கும் நாட்டுப் பெயருக்கும் தொடர்பு உண்டா என்பது விவாதத்தில் இருக்கிறது.

என் கருத்து: ஹாமேயும் சாமியும் ஒரே வேர் என்பது உறுதியாக நிற்கிறது. சுவோமியை அதோடு கட்டுகிற கயிறு அத்தனை உறுதியில்லை. மூன்று முறை கடல் தாண்டவேண்டியிருக்கிறது.

கரிசல்காட்டான்

மூன்று முறை கைமாறித் திரும்புவது நம்பச் சிரமமாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டாணியும் வைக்கோலும் வரிசையாக வருவதைப் பார்த்தால் ஹாமேயை மறுக்க முடியவில்லை. இந்த மக்கள் வெளியார் கொடுத்த சொல்லையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள் என்றுதானே ஆகிறது?

எஸ்போவாசி

அவர்களும் மற்றவர்களுக்கு அதையேதான் செய்திருக்கிறார்கள், கரிசல். பின்னிஷில் ஜெர்மனி 'சக்சா', சாக்சன் இனத்தின் பெயர் மட்டும் முழு நாட்டுக்கும். ரஷ்யா 'வெனயா', வெண்ட் என்ற ஸ்லாவ் மக்களின் பெயர். சுவீடன் 'ருவோத்சி'. இந்த ருவோத்சியிலிருந்துதான் 'ருஸ்' என்ற பெயரே வந்தது, அதிலிருந்து ரஷ்யா என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். பின்லாந்துக்காரர்கள் சுவீடனைக் கூப்பிட்ட பெயரை இன்று ரஷ்யா சுமந்துகொண்டிருக்கிறது!

திண்ணைவாசகி

தென்மேற்கு மூலையின் பெயர் முழு நாட்டுக்கும் ஆனது எப்போது?

வேர்தேடி

படிப்படியாக. சுவீடனின் உப்லாந்தில், சோதர்பி என்ற இடத்தில் ரூனிக் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, ஒருவர் ஃபின்லாந்தில் கொல்லப்பட்டதைச் சொன்னது. கல் இன்று இல்லை, பழைய படி மட்டும் இருக்கிறது. யெவ்லெ அருகே இன்னொரு கல், தாவஸ்த்லாந்தில் இறந்த எகில் என்பவருக்கு அவர் சகோதரர் நட்டது. நம்மூர் நடுகல் போலவே, தூரத்தில் போய் விழுந்தவனுக்கு ஊரில் நிற்கிற கல். அந்தக் கல் வெட்டியவர்களுக்கு ஃபின்லாந்து வேறு, தாவஸ்த்லாந்து வேறு. ரஷ்ய வரலாற்றுக் குறிப்புகளிலும் 'சும்', 'யம்' என்று இரண்டு பெயர் தனித்தனியாக வரும். முதலாவது சுவோமி, அடுத்தது ஹாமே.

1171 அல்லது 1172இல் போப் மூன்றாம் அலெக்சாண்டர் உப்சலா பேராயருக்கும் சுவீடன் பிரபுவுக்கும் எழுதிய கடிதத்தில் ஃபின்களைப் பற்றி ஒரு குறை வரும். எதிரிப் படை வரும்போது கிறித்தவராக இருக்கிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள், போதகர்களைக் கேட்கிறார்கள், படை போனதும் மதத்தை மறுத்துப் போதகர்களைத் துன்புறுத்துகிறார்கள் என்று. அந்த ஃபின்களும் தென்மேற்குக்காரர்கள்தான்.

பிறகு துர்க்குவில் ஆயர் பீடம், அரண்மனை, வரி எல்லாம் வந்தது. ஆட்சி எவ்வளவு தூரம் போயிற்றோ அவ்வளவு தூரம் பெயரும் போயிற்று. சுவீடன்காரர்கள் முதலில் இந்தப் பகுதி முழுவதையும் 'ஓஸ்தர்லாந்து', கிழக்கு நாடு, என்றார்கள். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அதை விட்டு ஃபின்லாந்து என்பதே எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. 1548இல் மிகாயில் அக்ரிகோலா புதிய ஏற்பாட்டைப் பின்னிஷில் அச்சிட்டபோது, பல வட்டார வழக்கு இருந்தும் சுவோமியின் பேச்சைத்தான் அதிகம் எடுத்தேன், ஆயர் பீடம் துர்க்குவில் இருக்கிறதல்லவா என்று முன்னுரையில் காரணம் சொல்கிறார். அவர் கையில்கூட சுவோமி இன்னும் ஒரு வட்டாரம்தான், மற்றவற்றுக்குத் தாயாக நிற்கிற வட்டாரம்.

ஏரிக்கரைக்காரன்

நான் அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கிறேன். பெயர் வெறும் பெயர் இல்லை என்பதற்கு இங்கே ஒரு வழக்கு இருக்கிறது. பின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த ஜான் ஸ்வான் குடியுரிமை கேட்டபோது, ஃபின்கள் 'மங்கோலியர்', வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமை இல்லை என்று அரசு வழக்கறிஞர் மறுத்தார். 1908இல் நீதிபதி வில்லியம் கேன்ட் அதைத் தள்ளிவிட்டு, வெள்ளையர் என்று தீர்ப்புச் சொன்னார். மொழியை வைத்து இனத்தைப் பிரித்த 19ஆம் நூற்றாண்டு வகைப்பாடுதான் அந்த வாதத்துக்கு அடிப்படை. நிற அடிப்படையில் குடியுரிமை கொடுத்த அந்தச் சட்டத்தால் வேறு எத்தனையோ ஆசியர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

எஸ்போவாசி

இன்றைக்கும் இங்கே பெயரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுவீடிஷில் 'ஃபின்னே' என்றால் பின்னிஷ் பேசும் இனத்தவர், 'ஃபின்லாந்தரே' என்றால் நாட்டின் குடிமகன், எந்த மொழி பேசினாலும். சுவீடிஷ் தாய்மொழிக்காரர் தன்னை ஃபின்லாந்தரே என்பார், ஃபின்னே என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். பின்னிஷில் இரண்டுக்கும் 'சுவோமலைனென்' ஒன்றுதான். என் பெண் இங்கே பிறந்தவள். பள்ளியில் அவளை சுவோமலைனென் என்றுதான் சொல்கிறார்கள், அவளும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள்.

தபால்தலைப்பிரியன்

அட்டைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், சரி பாருங்கள்:

'சுவோமி: பின்னிஷ் மொழிப் பெயர். முதலில் துர்க்கு நகரைச் சூழ்ந்த தென்மேற்குப் பகுதிக்கு மட்டும் வழங்கியது. பொருள் பற்றி அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. ஃபின்லாந்து: சுவீடிஷ் மொழிப் பெயர். ஃபின் என்ற சொல் பழைய நூல்களில் பெரும்பாலும் வடக்கே வாழும் சாமி மக்களைக் குறித்தது. நாட்டின் ஆட்சிமொழிகள் இரண்டு என்பதால் தபால்தலையில் இரு பெயரும் அச்சாகின்றன.'

வேர்தேடி

நன்றாக இருக்கிறது ஐயா. ஒரே ஒரு திருத்தம். 'பழைய நூல்களில்' என்பதற்குப் பக்கத்தில் 'நார்வேயில் 20ஆம் நூற்றாண்டு வரையிலும்' என்று சேர்த்துவிடுங்கள். வடகடலான் சித்தப்பா காதால் கேட்டிருக்கிறாரே.

வடகடலான்

அண்ணை, இன்னொண்டு. 'சாமி மக்கள்' எண்டு மட்டும் போட்டால் பிள்ளையள் கோயில் சாமி எண்டு நினைப்பினம். 'நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா நாலு நாட்டின்ர வடக்கிலயும் வாழுற சாமி என்னும் பூர்வகுடி மக்கள்' எண்டு எழுதுங்கோ. முடிஞ்சால் அவையின்ர கொடி இருக்கிற தபால்தலை ஒண்டு தேடிப் பாருங்கோ, அட்டைக்குப் பக்கத்தில ஒட்டலாம்.

தபால்தலைப்பிரியன்

இரண்டு திருத்தமும் போட்டாயிற்று. கொடித் தபால்தலை என்னிடம் இல்லை. கோவையில் நார்டிக் நாடுகள் மட்டும் சேர்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார், இன்று மாலை அவருக்குப் போன் போடுகிறேன்.